விபத்துக்குப் பிறகு தலைவலி, கழுத்துவலி: இப்போதே போவதா, நாளை போவதா, வீட்டில் இருந்து பார்ப்பதா?

பின்னால் வந்த கார் இடித்திருக்கும். இறங்கி பம்பரைப் பார்த்து, நாலு வார்த்தை பேசி, வீடு வந்து சேரும்வரை உடம்பில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. பிடரி கட்டையாக விறைத்திருக்கும். நேற்று நன்றாக இருந்தவருக்கு இன்று இப்படி ஆகிவிட்டதே, உள்ளே ஏதோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது என்ற பயம் அப்போதுதான் பிடித்துக்கொள்ளும். இன்னொருவருக்கு நேர்மாறாக நடக்கும். கழுத்தில் வலியே இல்லை. நெற்றி பக்கக் கண்ணாடியில் மோதியது, அவ்வளவுதான். மாலையில் லேசான தலைவலி, இரவில் அது கூடுகிறது. களைப்புதான், தூங்கினால் சரியாகிவிடும் என்று படுத்துவிடுவார். முதலாமவர் தேவைக்கு மேல் பயப்படுகிறார். இரண்டாமவர் பயப்பட வேண்டிய நேரத்தில் தூங்கப் போகிறார்.

கழுத்துக்கு ஒரு கணக்கு, தலைக்கு வேறு கணக்கு. சில மணி நேரம் கழித்து வரும் கழுத்துவலி பெரும்பாலும் நல்ல அறிகுறி. நேரம் போகப்போகக் கூடும் தலைவலி கெட்ட அறிகுறி. விபத்துக்குப் பிறகு எடுக்க வேண்டிய முடிவுகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தெளிவாகும்.

காரணம் எளிது. பின்னாலிருந்து இடிக்கும்போது இருக்கை முதுகை முன்னே தள்ளுகிறது. நாலரை முதல் ஐந்து கிலோ எடையுள்ள தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னால் வளைகிறது, மேல்பகுதி முன்னால் மடிகிறது. இரண்டு திசையில் இப்படி வளைந்தபடி இருக்கும்போதே முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள சின்ன மூட்டுகள் நசுங்கி, அவற்றைச் சுற்றியுள்ள சவ்வு இழுபடுகிறது. தசைகள் சுதாரித்து இறுகுவதற்குள் இழுக்க வேண்டியது இழுத்தாகிவிட்டது. இதைத்தான் விப்லாஷ் என்கிறோம். இழுபட்ட இடம் உடனே வலிக்காது; நீர் கோத்து, தசை காவலுக்கு இறுக 12 முதல் 24 மணி நேரம் ஆகும். 2ஆம், 3ஆம் நாளில் வலி உச்சத்தைத் தொடுவது வழக்கம். உடைந்த எலும்போ பெரும்பாலும் அடிபட்ட உடனேயே வலிக்கும். அதனால்தான் கனடாவில் 2001இல் வகுக்கப்பட்ட கழுத்துப் பரிசோதனை விதியில் 'வலி தாமதமாகத் தொடங்கியது' என்பதை அபாயம் குறைவு என்ற பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

மண்டையோட்டுக்குள் கதை வேறு. கசியும் ரத்தத்துக்கு வெளியேற வழியில்லை. சேரச்சேர மூளையை நெருக்கும். இடித்த உடன் தெளிவாகப் பேசியவர் சில மணி நேரத்தில் மயங்குவது இதனால்தான். இங்கே தாமதம் என்பது ஆறுதல் அல்ல.

மூன்று வழிகள்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இப்போதே போவது, ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்ப்பது, வீட்டிலேயே கவனிப்பது. இந்த மூன்றில் எது என்பதை வலியின் அளவை வைத்து முடிவு செய்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தாங்க முடியாத கழுத்துப் பிடிப்பு வெறும் தசை இறுக்கமாக இருக்கலாம். வலியே இல்லாத மந்த நிலை மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம்.

தலையைப் பொறுத்தவரை, ஒரு கணம் என்றாலும் நினைவு தப்பியிருந்தால், விபத்தையோ அதற்கு முந்தைய நிமிடங்களையோ நினைவுக்குக் கொண்டுவர முடியாவிட்டால், 2 முறையோ அதற்கு மேலோ வாந்தி எடுத்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டால், எழுப்பினாலும் தெளிவாக விழிக்காவிட்டால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லாவிட்டால் யோசிக்க வேண்டாம், உடனே போங்கள். மூக்கிலோ காதிலோ தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் சொட்டினால் அது சளி அல்ல; மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல் விழுந்து மூளைத் தண்டுவட நீர் கசிவதாக இருக்கலாம். அடிபடாத இரண்டு கண்களைச் சுற்றியும் கறுப்பது, காதுக்குப் பின்னால் நீலம் பாரிப்பது ஆகியவையும் அதே கதைதான். இவை தெரிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால் மறுநாளும் கண்ணாடியில் பாருங்கள்.

வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான், டபிகாட்ரான், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டிருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 65 வயதைத் தாண்டியவருக்கும் இதையே சொல்வோம். மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பது அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று. மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். அதை எதற்காகக் கொடுத்தார்களோ அந்த நோய் அப்படியேதான் இருக்கிறது.

கழுத்தைப் பொறுத்தவரை, கையிலோ காலிலோ மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, பிடிமானம் தளர்ந்து பொருள் நழுவுதல், நடை தடுமாறுதல், சிறுநீர் அடக்க முடியாமை அல்லது போக முடியாமை இவற்றில் எது இருந்தாலும் தண்டுவடமோ நரம்பு வேரோ சம்பந்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி உருண்டது, ஆள் வெளியே எறியப்பட்டார், வேகம் 100 கி.மீ.க்கு மேல் என்றால் வலி குறைவாக இருந்தாலும் படம் எடுத்துப் பார்ப்பதே முறை. இந்த நிலைகளில் தானே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகக் கூடாது. தீயோ வேறு ஆபத்தோ இல்லை என்றால் உட்கார்ந்த இடத்திலேயே, தலையை நேராக வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அசையாமல் இருப்பதுதான் நல்லது. அன்பின் மிகுதியில் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுப்பவர்களால் வரும் கேடு பெரிது.

சீராக இருக்கும் தலைவலி, விறைப்பு, தலைசுற்றல், தாடை வலி, காதில் இரைச்சல், வெளிச்சத்தில் கண் கூசுதல் இருந்து, மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தால் போதும். தலையில் அடியே இல்லை, விபத்து முழுவதும் நினைவிருக்கிறது, கழுத்தில் பக்கவாட்டில்தான் பிடிப்பு, நன்றாகத் திருப்ப முடிகிறது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இல்லை, வயது நடுத்தரம் என்றால் வீட்டில் கவனிப்பது நியாயமான வழிதான்.

இரண்டு சூழ்நிலையில் மட்டும் வீட்டு வழியை எடுக்காதீர்கள். ஒன்று, மது அருந்தியிருந்தால். குழப்பத்துக்குக் காரணம் போதையா, மூளை அடியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு, உடம்பில் வேறு இடத்தில் பெரிய வலி இருந்தால். கால் எலும்பு முறிந்தவருக்குக் கழுத்து முறிவின் வலி தெரியாமலே போகும்.

கழுத்தைத் தானே பார்த்துக்கொள்வது

மருத்துவர் செய்வதன் எளிய வடிவம் இது. அவரைப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்றால்தான் தொடங்க வேண்டும். தலையை நேராக வைத்து உட்காருங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, மண்டையோடு முடியும் இடத்திலிருந்து பிடரியின் நட்டநடுவில் எலும்பு எலும்பாகக் கீழே இறங்குங்கள். சட்டைக் காலருக்கு அருகே நன்றாகத் துருத்திக்கொண்டு நிற்கும் மேடு பெரும்பாலும் 7ஆவது கழுத்து முள்ளெலும்பு. அதுவரை வர வேண்டும். நடு எலும்பின் மேல் அழுத்தும்போது சுரீர் என்று வலித்தால் அத்தோடு நிறுத்துங்கள். திருப்பிப் பார்க்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். எலும்புக்கு இரண்டு பக்கமும் உள்ள சதையில் மட்டும் வலி என்றால் அடுத்த படி. தலையைத் தானாக, மெதுவாக வலது பக்கம் திருப்புங்கள், தோளை நோக்கிப் பாதித் தூரம், அதாவது 45 டிகிரி. பிறகு இடது பக்கம். வலித்தாலும் போக முடிகிறதா என்பதே கேள்வி. முடியவில்லை என்றால் படம் தேவைப்படலாம். வேறொருவர் உங்கள் தலையைப் பிடித்துத் திருப்பிச் சோதிக்கக் கூடாது. உங்கள் தசை எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியாது.

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்லது எதுவுமே வேண்டாம்

'எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே' என்பது நிம்மதிக்காகக் கேட்கப்படுவது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். தவறான படம் தவறான நிம்மதியையோ தவறான பயத்தையோ தரும்.

கழுத்து எக்ஸ்ரே விரைவானது, ஆனால் பெரியவர்களுக்கு முறிவைத் தேட அதை நம்புவது குறைந்துவிட்டது. பக்கவாட்டுப் படத்தில் தோள் மறைப்பதால் 7ஆவது முள்ளெலும்புக்குக் கீழே சரியாகத் தெரியாமல் போவது அடிக்கடி நடக்கும். அந்த இடம் தெரியாத படத்தை வைத்து 'எலும்பு நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட முடியாது. முறிவு இருக்குமோ என்ற சந்தேகம் உண்மையாகவே இருந்தால் கழுத்துக்கு சி.டி.தான் முதல் தேர்வு. முறிவைக் கண்டுபிடிப்பதில் அது எக்ஸ்ரேயைவிட வெகுவாக மேல்.

தலைக்கும் முதல் படம் சி.டி.தான். சில நிமிடத்தில் முடிந்துவிடும், புதிய ரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், மண்டையோட்டு முறிவும் தெரியும். கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். உலகச் சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறுவது சுமார் 2.4. தேவைப்படும்போது இதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. தேவையில்லாதபோது, அதிலும் குழந்தைக்கு, எடுக்க வேண்டியதும் இல்லை. நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று: மூளை அதிர்ச்சி சி.டி.யில் தெரியாது. மூளை அணுக்கள் வேலை செய்யும் விதத்தில் வரும் கோளாறு அது; அறுந்த கம்பி போலப் படத்தில் விழாது. 'ஸ்கேன் நார்மல்' என்பதற்கு அறுவை செய்ய வேண்டிய ரத்தக்கசிவு இல்லை என்று அர்த்தமே தவிர, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை. நார்மல் என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய் தலைவலியோடு அல்லாடுபவர்கள் ஏராளம்.

எம்.ஆர்.ஐ. தண்டுவடம், வட்டு (முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள டிஸ்க்), தசைநார் பற்றிய கேள்விக்கானது. கை மரத்துப்போகிறது, பலம் குறைகிறது, சி.டி. சரியாக இருந்தும் நரம்பு அறிகுறி இருக்கிறது என்றால் அதற்கு நிகர் இல்லை. வெறும் வலிக்கும் விறைப்புக்கும் எடுத்தால் சிக்கல்தான் வரும். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள், 87.6 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. விபத்துக்கு முன்பே இருந்த அந்தப் பிதுக்கத்தை ரிப்போர்ட்டில் படித்துவிட்டு, 'டிஸ்க் நகர்ந்துவிட்டது' என்று ஆறு மாதம் கழுத்தை அசைக்காமல் இருப்பவருக்கு நோய் விபத்தில் வரவில்லை. ரிப்போர்ட்டைப் படித்த விதத்தில் வந்தது. இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் உலோகத் துண்டு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பலரும் கேட்கத் தவறும் நான்காவது படம் ஒன்று உண்டு, கழுத்து ரத்தக்குழாய்களுக்கான சி.டி. ஆஞ்சியோ. இழுப்பில் கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிந்தால், அங்கே ரத்தம் கட்டி, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். ஒரே பக்கத்தில் இதுவரை வராத விதமான கழுத்துவலி அல்லது தலைவலி, அந்தப் பக்கக் கண்ணிமை தொங்குதல், கண்மணி சுருங்குதல், காதில் நாடித் துடிப்பு போல இரைச்சல், கழுத்தில் சீட்பெல்ட் பதிந்த தடம். இவற்றில் ஏதாவது இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தப் படம் எடுக்கத் தோன்றும்.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. லேசான அடியில் உடனே சி.டி. எடுப்பதைவிட மருத்துவமனையிலேயே சில மணி நேரம் வைத்துக் கவனிப்பதை மருத்துவர் சொன்னால், அது அலட்சியம் அல்ல, நல்ல முடிவு. ஆனால் 2 வயதுக்குள் என்றால், நெற்றி தவிர மற்ற இடத்தில் புடைத்திருந்தால், உச்சிக்குழி உப்பியிருந்தால், தேற்ற முடியாமல் அழுதால், பெற்றோருக்கே 'பிள்ளை வழக்கம் போல இல்லை' என்று பட்டால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

முதல் இரவு

தலையில் அடிபட்டவருடன் 24 மணி நேரம் ஒருவர் இருக்க வேண்டும். 'தூங்க விடாதே' என்ற பழைய பேச்சு இன்னும் போகவில்லை. மருத்துவர் பார்த்துத் தெளிவாக இருக்கிறார் என்று அனுப்பியிருந்தால் தூங்கலாம். மூளைக்குத் தூக்கம் தேவை. மணிக்கொரு முறை எழுப்பச் சொல்லி மருத்துவர் கேட்டிருந்தால் மட்டும் எழுப்புங்கள். எழுப்பினால் பெயர், இருக்கும் இடம், இன்று என்ன நடந்தது என்று மூன்று கேள்வி போதும். முனகிக்கொண்டே 'விடு' என்று சொல்வது பதில் ஆகாது. யாரும் பார்க்கவில்லை, கூட இருக்கவும் ஆள் இல்லை என்றால் வீட்டு வழி உங்களுக்கு இல்லை.

தூக்க மாத்திரை, தசையைத் தளர்த்தும் மாத்திரை, டிராமடால் போன்ற மயக்கம் தரும் வலி மாத்திரை இவற்றை முதல் இரவில் தொடாதீர்கள். மயக்கம் மருந்தாலா ரத்தக்கசிவாலா என்று தெரியாமல் போகும்.

காலர் போடுவதா, கழுத்தை அசைப்பதா

இந்த ஒப்பீட்டில்தான் பழக்கமும் ஆய்வும் நேருக்கு நேர் மோதுகின்றன. கழுத்து வலிக்கிறது என்றதும் ஒரு காலர் வாங்கி மாட்டிக்கொள்வது பழக்கம். முறிவு சந்தேகத்தில் ஆம்புலன்ஸில் போடும் கெட்டியான காலர் வேறு, பஞ்சு வைத்த மென்காலர் வேறு. முன்னது அசைவைக் கட்டுப்படுத்தப் போடுவது. பின்னது அசைவைப் பெரிதாகத் தடுப்பதே இல்லை; கழுத்துத் தசைகளுக்கு 'நீ வேலை செய்ய வேண்டாம்' என்று விடுப்பு மட்டும் கொடுக்கிறது. விடுப்பில் போன தசை சில நாளிலேயே தளரத் தொடங்கும். மூட்டு விறைக்கும். காலரைக் கழற்றும் நாளில் முதல் நாளைவிட அதிகம் வலிக்கும்; 'இன்னும் ஆறவில்லை' என்று மறுபடி மாட்டுவார்கள். இந்தச் சுற்றில் மாட்டியவர் வெளியே வர மாதங்கள் ஆகும்.

முறிவு இல்லாத விப்லாஷுக்கு மென்காலர் குணத்தை விரைவுபடுத்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை; முதல் நாட்களிலிருந்தே அசைத்தவர்களுக்கு வலி குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. எங்கள் தீர்ப்பு தெளிவு: முறிவு இல்லை, நரம்பு அறிகுறி இல்லை என்றால் காலர் வேண்டாம். நீண்ட பயணம் போன்ற ஒரு கட்டாயத்துக்கு ஒரு மணி நேரம் போட்டால் குற்றம் இல்லை. இரவில் போட்டுத் தூங்காதீர்கள்.

அசைவு என்றால் என்ன? நாற்காலியில் முதுகை ஒட்டி உட்காருங்கள், தோள்களைத் தளர விடுங்கள். நேர் எதிரே ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு, வலி கூடத் தொடங்கும் இடம் வரை மட்டும் மெதுவாக வலது பக்கம் திரும்புங்கள். இரண்டு நொடி. திரும்ப நடுவுக்கு. பிறகு இடது பக்கம். பக்கத்துக்கு 10 முறை, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை. ஒரே வேளையில் நூறு முறை செய்வதால் பலன் இல்லை. விறைப்பு மறுபடி சேர்வதற்குள் அசைப்பதில்தான் பலன். செய்யும்போது வலி கொஞ்சம் கூடி, அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் சரியான அளவு. மறுநாளும் தங்கினால் தூரத்தைப் பாதியாக்குங்கள். கைக்குள் மின்சாரம் போல ஓடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தலையைப் பம்பரமாக முழுச் சுற்றுச் சுற்றுவது, கையால் இழுத்து வளைப்பது இரண்டும் முதல் சில வாரங்களுக்கு வேண்டாம்.

காலையில் எழுவதுதான் பலருக்கும் மிகக் கடினமான நேரம். மல்லாந்த நிலையில் தலையைத் தூக்கினால் கழுத்தின் முன்தசைகள் அத்தனை எடையையும் தாங்க வேண்டும். அதற்குப் பதில் ஒருக்களித்துப் படுங்கள், இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே விடுங்கள், கீழ்ப்பக்க முழங்கையாலும் மேல்பக்க உள்ளங்கையாலும் படுக்கையை அழுத்தி உடம்பை எழுப்புங்கள். தலை உடம்போடு சேர்ந்து வரும். தலையணை ஒன்று போதும், காதும் தோளும் நேர்க்கோட்டில் இருக்கும் உயரம். குப்புறப் படுத்தால் கழுத்து இரவு முழுவதும் ஒரு பக்கம் முறுகியே இருக்கும்.

ஐஸா, வெந்நீர் ஒத்தடமா என்று நெடுநேரம் யோசிக்க வேண்டாம். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், பிறகு வெதுவெதுப்பு, ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம். இரண்டுமே வலியைத் தணிப்பவைதான், ஆற்றுபவை அல்ல. எது இதமாக இருக்கிறதோ அதை வையுங்கள்.

பாராசிட்டமாலா, இபுப்ரோஃபெனா

தலையில் அடிபட்டிருந்து, ரத்தக்கசிவு இல்லை என்று இன்னும் உறுதியாகவில்லை என்றால் பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், வேளைக்கு வேளை குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. உடல் எடை குறைந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், தினமும் மது அருந்துபவர் இன்னும் குறைவாக, மருத்துவர் சொல்லும் அளவில். சளி மாத்திரையிலும் பல வலி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் சேர்ந்தே இருக்கும். அட்டையைப் படிக்காமல் இரண்டையும் போட்டுக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்வது வீடுகளில் நடக்கும் பிழை.

இபுப்ரோஃபென் போன்றவை ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைப்பதால் தலை அடிக்குப் பிறகு முதல் ஓரிரு நாள் தவிர்ப்பது நல்லது. தலையில் அடி இல்லை, கழுத்து மட்டும்தான் என்றால் 200 முதல் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, சில நாளுக்கு மட்டும் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், கர்ப்பம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

எந்தத் தலைவலி இது?

பிடரியில் தொடங்கி ஒரு பக்கமாக ஏறி கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, தலையைத் திருப்பினால் கூடுகிறது என்றால் அது கழுத்திலிருந்து வருவது. கழுத்து அசைவு சரியானால் தலைவலியும் போகும். தலைக்கு மட்டும் மாத்திரை போட்டுப் பயன் இல்லை. விண்விண்ணென்று தெறிக்கிறது, வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லை, படித்தால் மனம் நிற்கவில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது என்றால் மூளை அதிர்ச்சியின் குணம். எழுந்து நின்றால் கூடி, படுத்தால் குறைகிறது என்றால் மூளைத் தண்டுவட நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் அறையே சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால் அது உள்காதில் சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியது. மாத்திரையால் தீராது, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் சாய்த்துத் துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பும் எப்ளி முறை பெரும்பாலும் ஓரிரு அமர்விலேயே சரிசெய்யும். ஆனால் அதில் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டியிருப்பதால், விபத்துக்குப் பிறகு காணொளி பார்த்து வீட்டில் முயல வேண்டாம்.

மூளை அதிர்ச்சிக்கு 'இருட்டறையில் ஒரு வாரம்' என்ற சிகிச்சை காலாவதியாகிவிட்டது. 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, திரையைக் குறைத்துக்கொள்வது, பிறகு மெல்லிய நடை. அறிகுறி லேசாகக் கூடும் எல்லை வரை போய் நிறுத்தி, மறுநாள் கொஞ்சம் கூட்டுவது. பெரும்பாலான பெரியவர்கள் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். குழந்தைகளுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். முழுவதும் தேறும் முன் மறுபடி தலையில் அடிபடக் கூடிய எதையும் செய்யக் கூடாது. வண்டி ஓட்டுவதற்கு இரண்டு தேர்வு உண்டு: தலை தெளிவாக இருக்கிறதா, தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடிகிறதா. இரண்டிலும் தேறாமல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

பிசியோதெரபியா, நெட்டி எடுப்பதா, தானே செய்வதா

கழுத்தை 'டக்'கென்று முறித்து நெட்டி எடுப்பதை விபத்துக்குப் பிந்தைய வாரங்களில் ஒதுக்கிவிடுங்கள். கண்டுபிடிக்கப்படாத தமனிக் கிழிசலோ முறிவோ இருந்தால் அந்த ஒரு திருப்பு போதும் பெரிய கேட்டுக்கு. கிடைக்கும் சுகம் சில மணி நேரம்தான், பேரம் சரியில்லை.

பிசியோதெரபி நல்லது, ஆனால் எண்ணிக்கை அதிகமானால் பலனும் அதிகம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட விப்லாஷ் உள்ள 172 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் 20 அமர்வு விரிவான பயிற்சி பெற்றவர்களுக்கும், ஒரே ஒரு முறை அரை மணி நேரம் விளக்கமும் ஆலோசனையும் பெற்றவர்களுக்கும் வலிக் குறைவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஓரிரு அமர்வில் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு வீட்டில் விடாமல் செய்வது பெரும்பாலோருக்குப் போதுமானது. கை வலி, நரம்பு அறிகுறி, தலைசுற்றல் கலந்திருந்தால் தொடர்ந்து பார்க்கும் நிபுணர் தேவை. படுக்க வைத்து மின் கருவியை ஒட்டிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடும் இடம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

யாருக்கு நாள்பட இழுக்கும் என்பதை வண்டி எவ்வளவு நசுங்கியது என்பதை வைத்துச் சொல்ல முடியாது. முதல் வாரத்தில் வலியின் கடுமை பத்துக்கு ஆறு, ஏழு என்று இருந்தவர்கள், இனி சரியாகாது என்று நம்பிவிட்டவர்கள், இரவெல்லாம் விபத்தே கண்முன் வந்து தூங்க முடியாதவர்கள் ஆகியோருக்குத்தான் இழுக்கும் வாய்ப்பு அதிகம். இவர்கள் ஆறு வாரம் காத்திருக்காமல் இரண்டாம் வாரத்திலேயே மறுபடி மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தூக்கமின்மையையும் பயத்தையும் அங்கே சொல்ல வேண்டும்; அவையும் சிகிச்சைக்கு உட்பட்டவைதான். தேதி, வலி எங்கே, பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை, எத்தனை என்று நாளுக்கு ஒரு வரி எழுதிவைத்தால் அந்தச் சந்திப்பு பாதி நேரத்தில் முடியும். அந்தக் குறிப்பே இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால் அல்லது இபுப்ரோஃபென் எடுத்து, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது கூட்டுவதல்ல, மருத்துவர் துணையோடு குறைப்பதே வழி.

வயதானவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே ஓடும் சின்னச் சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. அன்று ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றிய மோதலில் அதில் ஒன்று மெல்லக் கசிந்து, மூன்று வாரமோ இரண்டு மாதமோ கழித்து வெளியே தெரியும். நடை தள்ளாடும், ஒரு கால் இழுக்கும், பெயர்கள் மறக்கும், பகலெல்லாம் தூக்கம் வரும். 'வயசாயிடுச்சு' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். முதலில் எடுத்த சி.டி. சரியாக இருந்தாலும் இது வரலாம். மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த ரத்தத்தை வடித்துவிட்டால் பெரும்பாலோர் மறுபடி நன்றாக நடக்கிறார்கள், பேசுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது அன்றைய மறதியை மட்டும் சொல்லாமல், எத்தனை வாரத்துக்கு முன் வண்டி இடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.